எழுத்துக் குறியேற்றமும் இணையவழித் தமிழ்க் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கல்வியில் இணையத்தின் பயன் குறித்து எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை கருவிகளைப் பற்றியனவாகவே அமைகின்றன. கணிப்பொறியின் விரைவு, இணைப்பின் திறன், சேமிப்பின் அளவு ஆகியவை பேசப்படும் அளவிற்கு, அக்கருவியினுள் மொழி எவ்வாறு வைக்கப்படுகிறது என்பது பேசப்படுவதில்லை. உரோமன் எழுத்தில் எழுதப்பெறும் மொழிகளுக்கு இது பெருஞ்சிக்கலாகத் தோன்றாதிருக்கலாம். தமிழைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இணையத்தில் தமிழ்ப் பாடம் ஒன்றைப் படிக்க இயலுமா, அகராதி ஒன்றில் சொல்லைத் தேட இயலுமா, ஓரிடத்தில் தொகுத்த தரவை வேறோரிடத்தில் பயன்படுத்த இயலுமா என்னும் வினாக்கள் அனைத்தும் எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறையையே சார்ந்திருந்தன. எனவே இணையவழித் தமிழ்க் கல்வியின் வரலாறு முதன்மையாக எழுத்துக் குறியேற்றத்தின் வரலாறே எனலாம். மைசூரில் உருவான மொழித்தரவுகளையும் சிங்கப்பூர், சென்னை ஆகிய நகரங்களில் நிகழ்ந்த முயற்சிகளையும் இணைத்து இவ்வரலாற்றை நோக்குவதும், மேகக் கணிமை பரவியுள்ள இக்காலத்திற்கு அது உணர்த்தும் பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மைசூரில் மொழி கற்பித்தலும் மொழித்தரவும்

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 சூலை 17 அன்று மைசூரில் நிறுவப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் தே.பி. பட்டநாயக் ஆவார். அதன் உறுப்பாகிய தென்மண்டல மொழி மையம், பிற மாநிலங்களிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர்களுக்குத் திராவிட மொழிகளை இரண்டாம் மொழியாகக் கற்பித்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் பத்து மாத காலத்தில் அதனைப் பேசவும் எழுதவும் பயிற்சி பெறுதல் அங்கு நடைமுறையாயிற்று. எஸ். ராஜாராம் எழுதி 1979 இல் நிறுவனம் வெளியிட்ட தீவிரத் தமிழ்ப் பயிற்சி நூல் இப்பணியின் விளைவாகும். பாடநூல், ஒலிநாடா, மொழிப் பயிற்சிக்கூடம் என்பன அக்காலத்தின் கருவிகளாயிருந்தன. மாணவர் பாடம் இருக்குமிடத்திற்கு வரவேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை.

1991 இல் நடுவண் அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பகுதியாக மொழித்தரவகங்கள் உருவாக்கும் பணி பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளும் மைசூர் நிறுவனத்தின் பொறுப்பாயின. ஒவ்வொரு மொழிக்கும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் என்பது இலக்கு. அச்சில் வெளிவந்த நூல்களிலிருந்து பகுதிகள் தெரிவு செய்யப்பட்டுக் கணிப்பொறியில் உள்ளிடப்பட்டன. சொல்லடைவு, நிகழ்விடம், சொல்வருகை எண்ணிக்கை ஆகியவற்றைக் கையால் அட்டைகளில் எழுதிய தலைமுறைக்கு அடுத்து வந்த ஆய்வாளர்களுக்கு இத்தரவகம் புதிய களமாக அமைந்தது.

இங்கு ஒரு முடிவு பின்னாளில் பெரும்பயன் விளைத்தது. இத்தரவுகள் இஸ்கி எனப்படும் இந்தியத் தரக் குறியீட்டில் உள்ளிடப்பட்டன. திரையில் எழுத்து எவ்வடிவில் தோன்றுகிறது என்பதை விடுத்து, மொழியில் எந்த ஒலி எதனை அடுத்து வருகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது அக்குறியீடு. அதன் பொருளை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் வழங்கிய இருவகைக் குறியேற்றங்களின் வேறுபாட்டை நோக்குதல் வேண்டும்.

3. ஒலிமுறை வைப்பும் வடிவமுறை வைப்பும்

இந்தியத் தர நிறுவனம் 1991 இல் ஏற்ற இஸ்கி, பிராமி வழிவந்த இந்திய எழுத்துமுறைகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் அட்டவணையைக் கொண்டிருந்தது. இதில் உயிர்மெய்யெழுத்து, மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகக் கொண்டு சேமிக்கப்படும். 1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பும் இஸ்கியின் 1988 ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே இந்திய எழுத்துகளுக்கு இடம் வகுத்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது.

ஆயின் 1990களில் வீடுகளிலும் அச்சகங்களிலும் இருந்த கணிப்பொறிகள் இவ்வகைத் தரவைத் தமிழாகத் திரையில் காட்டும் திறன் பெற்றிருக்கவில்லை. எனவே தமிழ் எழுத்துரு வடிவமைத்தோர் எளிய வழியை மேற்கொண்டனர். உரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் துண்டு வடிவங்களை அமைத்தனர். கொம்பு ஓரிடம், ககரம் ஓரிடம், துணைக்கால் ஓரிடம் என அமையும் இம்முறையில், கண்ணுக்குத் தோன்றும் வரிசையே சேமிப்பின் வரிசையாயிற்று. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணையைக் கொண்டிருந்தமையால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றின.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'கடல்', 'காடு', 'கெடு', 'கேடு', 'கொடு', 'கோடு' என்னும் ஆறு சொற்களும் அகராதியில் ககர வரிசையில் அடுத்தடுத்து வருவன. வடிவமுறை வைப்பில் முதலிரு சொற்கள் மட்டுமே ககரத்தில் தொடங்கும். 'கெடு', 'கொடு' ஆகியவை ஒற்றைக் கொம்பிலும் 'கேடு', 'கோடு' ஆகியவை இரட்டைக் கொம்பிலும் தொடங்கும். குறியீட்டெண்களைக் கொண்டு நேராக வரிசைப்படுத்தினால் 'கெடு' என்பது 'செடி', 'தெரு' ஆகியவற்றோடு சேர்ந்து 'கடல்' என்பதிலிருந்து விலகி நிற்கும். தனிநிலை மாற்று நிரல் ஒன்றின் துணையின்றி அத்தரவைக் கொண்டு அகராதி அமைக்கவோ, வேர்ச்சொல் தேடவோ, விகுதிகளைப் பிரிக்கவோ இயலாது. படிப்பதற்கு மட்டும் உருவான உரை, ஆராய்வதற்கு உதவாது போயிற்று.

எனினும் வடிவமுறை வைப்பை மேற்கொண்டோரைக் குறை கூறுதல் பொருந்தாது. ஒலிமுறை வைப்பு ஆய்வுக்கூடங்களில் தங்கியிருந்த காலத்தில், தமிழை உலகெங்கும் உள்ள திரைகளுக்குக் கொண்டு சென்றது வடிவமுறை வைப்பே.

4. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் அமைந்த கவிதைத் தளம் ஒன்றை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப் பகுதி அமைய உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சித் துறையினருமாகிய நா. கோவிந்தசாமி. 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கியவராகவும் அவரே குறிப்பிடப்படுகிறார். கலைச்சொல்லாக்கத்தில் ஆர்வமுடையோர் இச்சொல்லைக் கருதுதல் தகும். ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்க்காமல், 'இணை' என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் ஒரு தலைமுறைக்குள் பேச்சுவழக்கிலும் நிலைபெற்றுவிட்டது.

1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாடுகளில் வாழ்ந்த எழுத்துரு ஆக்குநர்கள் பொதுக்குறியீட்டின் தேவையை ஒருமித்து உணர இது வாய்ப்பளித்தது. அக்காலத்திலேயே மின்னஞ்சல்வழி நடந்த நீண்ட உரையாடலில் திஸ்கி என்னும் பொது அட்டவணை உருவாயிற்று. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தலைமையேற்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்வடிவமாக்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஷிஃப்மன், வாசு ரெங்கநாதன் ஆகியோர் இணையவழித் தமிழ்ப் பாடங்களை அமைத்தனர்.

1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் தமிழக அரசு நடத்திய 'தமிழ்இணையம் 99' மாநாடு அடுத்த திருப்பமாகும். டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் 'தமிழ் 99' விசைப்பலகையும் இம்மாநாட்டின் விளைவாக அவ்வாண்டிலேயே அரசின் ஏற்பைப் பெற்றன. இவற்றுள் குறியேற்றங்கள் வழக்கொழிந்தன; விசைப்பலகை நிலைத்தது. அதற்கான காரணம் மொழியியலாளர்க்குச் சுவை பயப்பதாகும். உயிர்கள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்த இவ்விசைப்பலகையில், ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானாக அமையும். நகரத்தை அடுத்துத் தகரத்தையோ மகரத்தை அடுத்துப் பகரத்தையோ அழுத்தினாலும் அவ்வாறே. இரட்டிப்பும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வருதலும் தமிழில் மிகுதி என்னும் இலக்கண உண்மையே இங்கு இயந்திர விதியாகியுள்ளது. மொழியின் அமைப்பைச் சார்ந்து நின்றது நிலைத்தது. அவ்வக்காலக் கருவியின் குறையைச் சார்ந்து நின்றது மறைந்தது.

5. இணையப் பல்கலைக்கழகம்

உலகெங்கும் வாழும் தமிழர்க்கும் தமிழியலில் ஈடுபாடு கொண்ட பிறர்க்கும் கல்வி வழங்க ஓர் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்னும் அறிவிப்பு சென்னை மாநாட்டில் வெளியாயிற்று. வா.செ. குழந்தைசாமி தலைமையில் அமைந்த குழு திட்டத்தை வகுத்தது. 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது.

அதன் பாடத்திட்டம் மழலைக் கல்வியில் தொடங்கிச் சான்றிதழ், பட்டயம் எனப் படிப்படியாக வளர்ந்து தமிழியல் பட்டம் வரை செல்வது. உரையுடன் ஒலியும் படமும் இணைந்த பாடங்கள், இலக்கிய நூல்களும் உரைகளும் நிகண்டுகளும் அகராதிகளும் அடங்கிய மின்னூலகம், கலைச்சொல் தொகுதி ஆகியவை அதன் கூறுகளாயின. மைசூரின் மொழி மையத்தில் மாணவர் பாடத்தை நோக்கி வந்தார். இங்குப் பாடம் மாணவரை நோக்கிச் சென்றது. தாத்தாவும் பாட்டியும் பேசிய மொழியைத் தொலைவிலுள்ள நாட்டில் எழுத்துக்கூட்டிக் கற்க விரும்பும் ஒரு குழந்தைக்கு இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் அக்காலத்து இணையப் பக்கங்களுக்குரிய எழுத்துருவை மாணவர் தம் கணிப்பொறியில் முன்னரே நிறுவியிருத்தல் வேண்டும். இல்லையேல் அவர் முன் தோன்றுவது பாடமாக இராது. தமிழ் தெரிந்த பெற்றோர்கூட அந்நிலையில் அக்குழந்தைக்கு உதவ இயலாது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் இயங்குதளம் ஒருங்குறித் தமிழைக் காட்டும் திறனையும் 'லதா' என்னும் எழுத்துருவையும் தன்னுள் கொண்டிருந்தது. அத்தகைய இயங்குதளங்கள் பரவிய பின்னரே இத்தடை படிப்படியாக நீங்கியது. மதுரைத் திட்டமும் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியது. 2010 சூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றம் மாற்றுமுறையாக ஏற்கப்பட்டது. பின்னது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், அதனை ஏற்றுக்கொண்டோரிடையே மட்டும் பொருள் தருவது.

6. தரவகத்தின் இடப்பெயர்ச்சி

மைசூரில் இஸ்கியில் சேமிக்கப்பட்ட தமிழ்த் தரவகத்தின் பிற்கால வரலாறு இவ்விடத்தில் கருதத்தக்கது. 2000 முதல் 2003 வரை இங்கிலாந்தின் லங்காஸ்டர், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்கள் நடத்திய எமில் என்னும் திட்டத்தோடு மைசூர் நிறுவனம் ஒத்துழைத்தது. மைசூரின் தரவுகளும் இணைந்து 14 தெற்காசிய மொழிகளுக்கான பெருந்தரவகம் ஒருங்குறியில் வெளிவந்தது. ஒலிமுறையில் வைக்கப்பட்டிருந்தமையால் இஸ்கித் தரவை ஒருங்குறிக்கு மாற்றுதல் பெரும்பாலும் எண்ணுக்கு எண் பெயர்க்கும் பணியாக அமைந்தது. அக்காலத்து இதழ்களின் தளங்களில் வந்த தமிழுரைக்கு அந்நிலை வாய்க்கவில்லை. ஒவ்வோர் எழுத்துருவிற்கும் தனி மாற்று நிரல் எழுத வேண்டியிருந்தது. அட்டவணை கிடைக்காத எழுத்துருவில் இருந்த உரையை எழுத்து எழுத்தாக ஊகித்தே மீட்க வேண்டியிருந்தது.

இதன்பின் மைசூர் நிறுவனத்தின் பணி பலவாறு விரிந்தது. செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் 2006 இல் இந்நிறுவனத்தின்கண் தொடங்கப்பெற்று 2008 இல் சென்னைக்கு மாறியது. பல்கலைக்கழகப் பாடங்களுக்குரிய அறிவுசார் நூல்களை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்ப்பதற்கான தேசிய மொழிபெயர்ப்புப் பணி 2008 இல் இந்நிறுவனத்தை மையமாகக் கொண்டு அமைந்தது. இந்திய மொழிகளுக்கான மொழித்தரவுக் கூட்டமைப்பும் அதே காலத்தில் இங்கு உருப்பெற்றது. 2016 மே 25 அன்று மைசூரில் தொடங்கப்பெற்ற பாரதவாணி, அகராதிகள், பாடநூல்கள், அறிவுநூல்கள் ஆகியவற்றை ஒரே தளத்தில் பல மொழிகளிலும் வழங்கியது. பல நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் அச்சிட்ட கலைச்சொல் அகராதிகளை ஒருசேரத் தேட இயலுதல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்துணையாகும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு வெவ்வேறு துறைகள் வழங்கிய தமிழ்ச்சொற்களை ஒப்பிட்டுத் தெரிவு செய்ய இது வழிவகுக்கிறது.

7. ஒருங்குறிக்குப் பின்னும் எஞ்சியவை

பொதுக்குறியீடு வந்தமையால் சிக்கல் முற்றும் தீர்ந்துவிட்டதெனக் கருதலாகாது. முதலாவதாக, ஒருங்குறியின் எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணையிலிருந்து வந்தமையே இதற்குக் காரணம். எனவே அகர வரிசைக்குத் தனி விதி தேவைப்படுகிறது.

இரண்டாவதாக, ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. உரையை ஒருசீராக்காத தேடுபொறி இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக உள்ளிடுதல் இன்றும் பரவலாகக் காணப்படும் பிழையாகும். 'ஔவை' என்பதைத் தேடும் மாணவர்க்கு அப்பிழையுடன் எழுதப்பட்ட பக்கங்கள் புலப்படா.

மூன்றாவதாக, பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் நெடுங்காலம் குறியீடு பெறாதிருந்தன. 2019 இல் வெளிவந்த ஒருங்குறியின் 12 ஆம் பதிப்பே தமிழ் இணைப்புப் பகுதியின்கண் அவற்றுள் 51 குறிகளுக்கு இடமளித்தது. அதற்கு முன் பழங்கணக்கு நூல்களையும் ஆவணங்களையும் உரைவடிவில் முழுமையாகப் பதிப்பித்தல் அரிதாயிருந்தது.

8. மேகக் கணிமையும் பொருள் மாற்றமும்

பாடமும் தரவும் பயன்படுத்துவோரின் கருவியிலோ நிறுவனத்தின் அறையிலோ இராமல், வேறோரிடத்துக் கணிப்பொறித் தொகுதியில் இருந்துகொண்டு வேண்டும்போது வந்தடையும் முறை மேகக் கணிமை எனப்படுகிறது. 'முகிற் கணிமை' என்பதும் வழக்கில் உண்டு. வலையமைப்பு வரைபடங்களில், உள்விவரம் காட்ட வேண்டாத பகுதியை மேக வடிவில் வரையும் பழக்கத்திலிருந்து பிறந்தது இதன் ஆங்கிலப் பெயர். அங்கு மேகம் மறைப்பைக் குறித்தது. தமிழ் மரபிலோ மேகம் கைம்மாறு கருதாத கொடையின் உருவகம். சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்ததில் குறிப்புப்பொருள் ஏறத்தாழத் தலைகீழாயிற்று. இக்கொடை ஒப்பந்தத்திற்கும் கட்டணத்திற்கும் உட்பட்டது என்பதைச் சொல் காட்டுவதில்லை.

நடுவண் அரசு 2014 இல் மேகராஜ் என்னும் பெயரில் அரசுத் துறைகளுக்கான மேகக் கணிமையைத் தொடங்கியது. 2017 இல் வந்த தீக்ஷா தளத்தோடு தமிழக அரசின் பாடநூல்கள் 2018 முதல் கியூ.ஆர். குறியீடுகளால் இணைக்கப்பெற்றன. பாடநூலின் பக்கத்திலிருந்தே காணொலிக்குச் செல்ல மாணவர்க்கு வழி பிறந்தது. தீக்ஷா தளம் ஆரக்கிள் நிறுவனத்தின் மேகக் கணிமையைப் பயன்படுத்தும் என 2023 இல் அறிவிக்கப்பட்டது. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பில்லாத வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சென்றது 2019 இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி. மேகத்தின் நிழல் எல்லா ஊர்களிலும் ஒரேபோல் விழுவதில்லை என்பதை அது காட்டியது.

காப்பு குறித்த வினா இதனினும் ஆழமானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணும் பணியை மேற்கொண்டது. ஆயின் மின்வடிவமும் தன்னளவில் காப்பாகாது. இலவசமாகப் பக்கங்கள் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அங்கிருந்த தமிழ்ப் பக்கங்கள் பலவும் உடன் மறைந்தன. முன்னது வன்முறை, பின்னது வணிக முடிவு. காரணங்கள் ஒப்பிடத்தக்கன அல்ல. எனினும் ஒரே இடத்தில் ஒரே படி என்னும் நிலையின் இடர் இரண்டிலும் ஒன்றே.

9. முடிவுரை

கருவி தரும் வசதியை மட்டும் கருதி அமைந்தவை அக்கருவியோடு மறைந்தன; மொழியின் அமைப்பையும் பொது உடன்பாட்டையும் கருதி அமைந்தவை கருவிகள் மாறியபோதும் பயன்பட்டன. மைசூரின் இஸ்கித் தரவகமும் 'தமிழ் 99' விசைப்பலகையும் இதற்குச் சான்றுகள்.

இதிலிருந்து தரவும் பாடமும் உருவாக்குவோர் மேற்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று பெறப்படுகின்றன. உரை, பக்கத்தின் படமாக மட்டும் இராமல், ஒருசீராக்கிய ஒருங்குறி எழுத்தாகவும் இருத்தல் வேண்டும். மேகத்தில் வைக்கப்படும் தரவின் முழுப்படி ஒன்று, அதனை உருவாக்கிய நிறுவனத்தின் கையிலும் பிறிதொரு நூலகத்திலும் இருத்தல் வேண்டும். வழக்கொழிந்த எழுத்துருக்களின் அட்டவணைகளும் மாற்று நிரல்களும் ஓலைச்சுவடிகளுக்கு ஒப்பப் பேணப்படல் வேண்டும். அவ்வட்டவணைகள் இழக்கப்படின், 1990களில் தமிழர் கணிப்பொறியில் எழுதியவற்றுள் ஒரு பகுதி, இருந்தும் படிக்க இயலாத எழுத்தாக நின்றுவிடும். கல்வெட்டுகளைப் படிக்கக் கற்ற மொழியினர்க்கு, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தம் எழுத்தே புரியாது போதல் பேரிழப்பாகும்.